வேட்பாளர்களுக்கு ஆசி வழங்கும் சமயத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய சமயத் தலைவர்களுக்கு,

வணக்கம். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், எந்த நாட்டில் வாழ்பவராயினும், தேர்தல் நெருங்கும் வேளையில் ஒரு கட்சியின் வேட்பாளரை அருகில் நிறுத்தி, 'இவரே இறைவன் நமக்குக் காட்டியவர்' என்று அறிவிக்கும் உங்கள் அனைவருக்குமாக இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் அரசியல் பேசக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. குடிமக்கள் என்ற முறையில் உங்களுக்கும் ஒரு கட்சியைப் பிடிக்கலாம். அந்தப் பிடித்தத்தை இறைவன் மேல் ஏற்றிச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆசி வழங்கல் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வழிபாடு முடியும் நேரம் பார்த்து வேட்பாளர் வருகிறார். ஒளிப்படக்காரர் அவருக்கு முன்பே வந்து நல்ல இடமாகப் பிடித்து நிற்கிறார். வேட்பாளர் தலை குனிய, நீங்கள் கண்களை மூடிக் கையை உயர்த்துகிறீர்கள். அன்று மாலைக்குள் அந்தப் படம் கட்சிச் சின்னத்தோடு எல்லாருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'இவருக்கு நல்ல புத்தியைக் கொடு' என்றுகூட நீங்கள் வேண்டியிருக்கலாம். படத்தில் அது தெரிவதில்லை. உங்கள் முன் அமர்ந்திருப்பவர்களில் மற்றக் கட்சிக்கு வாக்களிக்கப் போகிறவரும் இருக்கிறார் என்பதையும் அந்தப் படம் மறைத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்காக உங்களிடம் துக்கத்தைச் சொல்லி அழுதவர், பிள்ளைக்குப் பெயர் வைக்க உங்களிடம் வந்தவர், இனி வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன் 'இது பாவமாகிவிடுமோ' என்று தயங்க வேண்டியிருக்கிறது. சமயம் ஒருவருக்குச் செய்யக்கூடிய தீங்குகளில் இதை நான் சிறியதாக எண்ணவில்லை.

இறைவன் பக்கம் சாய்வதில்லை என்பது நாத்திகர் கண்டுபிடித்த வாதமும் அல்ல. வேண்டுதல் வேண்டாமை இலான் என்கிறது குறள். தனக்குப் பகைவனும் இல்லை, வேண்டியவனும் இல்லை என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணனே சொல்கிறான். விவிலியத்தில் யோசுவாவின் கதையை நீங்கள் எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள்: எரிகோவுக்கு அருகே உருவிய வாளோடு நின்றவரைப் பார்த்து, 'நீர் எங்கள் பக்கமா, எங்கள் எதிரிகள் பக்கமா' என்று அவன் கேட்கிறான், அவனுக்குக் கிடைத்த மறுமொழி 'அல்ல' என்பது. வந்தவர் தாம் கர்த்தருடைய சேனையின் தலைவர் என்கிறார். யோசுவா முகங்குப்புற விழுகிறான். கேட்டவன் இறைவனால் நியமிக்கப்பட்ட தலைவன் என்று அந்நூலே சொல்கிறது. அப்படிப்பட்டவனுக்கே கிடைக்காத உறுதிமொழியை ஒரு தொகுதி வேட்பாளருக்கு நீங்கள் எங்கிருந்து எடுத்து வழங்குகிறீர்கள்?

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 657இல் யூப்ரடீசு ஆற்றங்கரையில், முஸ்லிம்களின் இரு அணிகள் மோதிய சிஃப்பீன் போரில், சிரியாவின் ஆளுநர் முஆவியாவின் படையினர் குர்ஆன் பிரதிகளை ஈட்டி முனைகளில் உயர்த்திப் பிடித்தார்கள். எதிரே நின்ற கலீபா அலீயின் படையும் அதே வேதத்தை ஓதிய படைதான். 1865 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராக ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது ஆற்றிய உரையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அடிமை முறை காரணமாக மூண்டு லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் இருந்தது; வெற்றி அவருடைய பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. 'ஆண்டவன் நம்மோடு இருந்தான்' என்று அவர் சொல்லியிருந்தால் கூட்டம் ஆரவாரித்திருக்கும். அவரோ, இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளை வேண்டி, ஒருவருக்கு எதிராக மற்றவர் அவருடைய உதவியைக் கேட்டதைச் சுட்டிக்காட்டி, எந்தத் தரப்பின் வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார். அடிமை முறை தவறு என்பதில் அவருக்கு அப்போது ஐயம் இருக்கவில்லை. அந்த உறுதியோடே, தம் அணியைக் கடவுளின் அணி என்று அழைக்க அவர் மறுத்தார். தேர்தல் மேடையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த அடக்கம் வாய்க்கும் என்று தெரியவில்லை. உங்களுக்காவது வாய்க்க வேண்டாமா?

நீங்கள் கைகாட்டிய கட்சி வென்றால் அது இறைவனின் சித்தம். தோற்றால் அது நம்பிக்கைக்கு வந்த சோதனை, அல்லது தீயவர்களின் சூழ்ச்சி. எது நடந்தாலும் பொய்த்துப்போகாத ஒரு கூற்று உண்மையில் எதையும் சொல்வதில்லை. அதோடு, கட்சி என்பது ஒற்றைக் கொள்கை அல்ல. வரி, நிலம், போர், கல்வி, கூட்டணி, நன்கொடையாளரின் நலன், தலைவரின் குடும்பம் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய மூட்டை அது. அதில் உங்களுக்குப் பிடித்த ஒரு பொருள் இருப்பதற்காக மூட்டை முழுவதற்கும் இறைவனின் முத்திரையைக் குத்துகிறீர்கள். நேற்றுவரை நீங்கள் சபித்த கட்சியோடு இன்று உங்கள் கட்சி தொகுதிப் பங்கீடு முடித்துக்கொண்டால், இறைவனும் இரவோடிரவாக அணி மாறிவிட்டார் என்றா சொல்வீர்கள்?

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு: அநீதி நடக்கும்போது நடுநிலை வகிப்பது அநீதிக்கே துணை போவது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் பேராயர் டெசுமண்ட் டூட்டு ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்தார். இறைவன் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார் என்று கூசாமல் சொன்னார். ஆனால் மண்டேலா விடுதலையாகி, கட்சிகளின் மீதான தடை நீங்கியபோது, தம் திருச்சபையின் குருமார் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகக் கூடாது என்ற நிலையை அவர் எடுத்தார். 1994இல் தாம் வரவேற்ற அரசு அமைந்த பிறகு, புதிய ஆட்சியாளர்கள் தங்களுக்கே தாராளமாகச் சம்பளம் ஒதுக்கிக்கொண்டதைக் கண்டித்தார். மண்டேலாவுக்கு அது பிடிக்கவில்லை. கட்சிக்குக் கடன்படாதவராக இருந்ததால்தான் டூட்டுவால் அப்படிப் பேச முடிந்தது. பசித்தவருக்காகவும் சிறையில் வதைபடுபவருக்காகவும் நீங்கள் பேசும்போது எந்தக் கட்சி சங்கடப்பட்டாலும் படட்டும். ஆனால் மேடையேறி ஆசி வழங்கியவர், அதே ஆட்சி கலவரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் நாளில் எந்த முகத்தோடு கேள்வி கேட்பார்? கேட்டாலும், 'நீங்கள்தானே எங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று அவர்கள் சிரித்துக்கொண்டே பழைய படத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

சட்டத்தை வைத்து நான் வாதிட விரும்பவில்லை. நாட்டுக்கு நாடு அது வேறுபடும், அதைச் சுற்றிப் போகும் வழிகளும் உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது நடைமுறையில் மிக எளியது. அடுத்த முறை ஒரு வேட்பாளர் ஆசி கேட்டு வந்தால் மறுக்காதீர்கள். ஒளிப்படக்காரரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். எதிர்த்துப் போட்டியிடுபவர் வந்தாலும் இதே வேண்டுதலை இதே சொற்களில் செய்வேன் என்று வந்தவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். பதவிக்கு வந்தபின் அவர் தவறு செய்தால் இதே இடத்தில் பெயர் சொல்லிக் கேட்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு யாரெல்லாம் உள்ளே வருகிறார்கள், யாரெல்லாம் வாசலிலிருந்தே திரும்பிப் போகிறார்கள் என்பதை நீங்களே கவனித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வழிபாட்டிடங்களின் பின்வரிசையில் அமரும் ஒரு வாக்காளர்