முற்றுப்புள்ளி இருக்கிறது, வாக்கியம் எங்கே?

ஒருங்குறிச் (Unicode) சேர்த்தியத்தாருக்கு,

வணக்கம். கணினியில் உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் உங்கள் தரத்தின், 2015இல் வந்த 8.0 பதிப்பில் சட்டன் சைன்ரைட்டிங்கிற்கு 672 குறிகள் கொடுத்தீர்கள். சைகை மொழிகளை எழுத வேலரி சட்டன் 1974இல் தொடங்கிய எழுத்துமுறைக்கு அது பெரிய அங்கீகாரம்தான், மறுக்கவில்லை. அதில் ஐந்து நிறுத்தக்குறிகளும் உண்டு: காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, அடைப்புக்குறி. கேள்விக்குறி கிடையாது, தேவையும் இல்லை. அமெரிக்கச் சைகை மொழியில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். யார், எங்கே என்று கேட்டால் சுருங்கும். முகத்தை எழுதினாலே கேள்வி வந்துவிடும். தேவையில்லாத குறி ஒன்றைத் திணிக்காமல் விட்டீர்களே, நன்றி.

என் வழக்கு மற்ற குறிகளைப் பற்றியது.

சைன்ரைட்டிங்கை மேலிருந்து கீழாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு சைகையும் ஒரு சின்னப் படம் மாதிரி: தலைக்கு இந்தப் பக்கம் கை, அதற்குக் கீழே அசைவைக் காட்டும் அம்பு. அந்த நெடுவரிசையின் குறுக்கே முற்றுப்புள்ளி படுத்துக் கிடக்கும்போதுதான் அது 'நில்' என்கிறது. அதே வாக்கியத்தை, வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் உரையாக ஒட்டிப் பாருங்கள். கை ஓரிடம், தலை ஓரிடம், அம்பு ஓரிடம் என்று எல்லாம் ஒரே வரியில் பரந்து கிடக்கும். முற்றுப்புள்ளியோ நடுவே யாரோ கிழித்த கோடு போல நிற்கும். எங்கே ஒரு சைகை முடிகிறது என்றே தெரியாதபோது வாக்கியம் முடிந்தால் என்ன, முடியாவிட்டால் என்ன?

இட அமைப்பு வெறும் உரையின் வேலை இல்லை, மேல்நிலை நெறிமுறை, அதாவது உரைக்கு மேலே வடிவமைப்பைக் கவனிக்கும் அடுக்கு, பார்த்துக்கொள்ளட்டும் என்பது உங்கள் நிலைப்பாடு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். பிறகு எப்படி 2019இல், 12.0 பதிப்பில், எகிப்தியப் பட எழுத்துகளை மேலும் கீழும் பக்கத்திலும் அடுக்குவதற்கென்றே கட்டுப்பாட்டுக் குறிகள் வந்தன? பேச ஆளில்லாத மொழிக்குக் கிடைத்த இடம், இன்று பிள்ளைகள் கைகளால் பேசி வளரும் மொழிகளுக்குக் கிடைக்காதா? தமிழில் 'கொ' என்று தட்டினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் தானாகப் போய் உட்காருகின்றன. அந்தச் சுகம் எனக்குப் பழகிவிட்டது. அதனால்தான் இது உறுத்துகிறது.

அடைப்புக்குறி கதை தனி. ஒரே குறி, அதைச் சுழற்றினால்தான் மூடும் அடைப்பு. ஒவ்வொரு குறியும் எந்த வகை என்று சொல்லும் உங்கள் தரவுக்கோப்பிலோ அது 'பிற நிறுத்தக்குறி'. திறப்பதற்கும் மூடுவதற்கும் உள்ள வகைகளில் அது இல்லை. அந்த வகைகளை நம்பி ஜோடி தேடும் நிரலுக்கு இது திறக்கிறதா மூடுகிறதா என்று எப்படித் தெரியும்?

ஏற்கெனவே தந்த குறிகளை நீங்கள் மாற்ற மாட்டீர்கள் என்று தெரியும், மாற்றவும் வேண்டாம். ஒரு சைகை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, உள்ளே எது எங்கே நிற்கிறது என்று சொல்லும் கட்டுப்பாட்டுக் குறிகளைச் சேருங்கள். அடைப்புக்குறியின் இரண்டு நிலைகளையும் நிரல்கள் எப்படிப் பிரித்தறிய வேண்டும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இரண்டையும் முடிவு செய்வதற்கு முன், இந்த எழுத்தில் தினமும் எழுதும் காது கேளாதவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
எழுத்துருக்களோடு மாரடிக்கும் ஒருவர்