எச்.ஆர். பட்டம்: போட்ட பணம் எப்போது திரும்பும்?

அன்பு மகளுக்கு,

மனிதவளத்தில் (எச்.ஆர்.) இளங்கலை படித்தால் போட்ட பணம் திரும்புமா என்று கேட்டிருந்தாய். திரும்பும். ஆனால் எத்தனை வருடத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதே அம்மா. பெரிய செலவு கட்டணம் இல்லை, சம்பாதிக்காமல் கழியும் வருடங்கள்தான்.

தொகை நாட்டுக்கு நாடு மாறும். அதனால் பட்டம் இல்லாமல் இன்றே வேலைக்குப் போனால் கிடைக்கக்கூடிய ஒரு வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள். படிப்பு 3 வருடம், வருடக் கட்டணம் 40 என்றால் கட்டணத்துக்கு 120 போகும். கைவிட்ட சம்பளம் 300. மொத்தம் 420. சாப்பாடு, துணிமணி இதில் சேராது. வேலைக்குப் போனாலும் அந்தச் செலவு இருக்கும். வெளியூரில் தங்குவதால் கூடுதலாக ஆவதை மட்டும் சேர். உன் நாட்டில் பட்டம் 4 வருடம் என்றால் 420 என்பது 560 ஆகிவிடும்.

இனி வரவு. பட்டத்தோடு சேரும் முதல் வருடம் 130 கிடைக்கிறது என்று வை. பட்டத்தால் 30 லாபம் என்று எழுதிவிடாதே. அந்த 3 வருடமும் வேலையில் இருந்திருந்தால் அனுபவத்தால் நீ 115க்கு வந்திருப்பாய். ஆகவே பட்டம் தந்தது 15 மட்டுமே. இந்த இடத்தில்தான் பலருடைய கணக்கு தவறுகிறது. அந்த வித்தியாசம் வருடத்துக்கு 7 வீதம் கூடிக்கொண்டே போனால் 15, 22, 29 என்று சேர்ந்து 10ஆவது வருடத்தில் 420ஐத் தாண்டும். 7க்குப் பதில் 3 மட்டும் கூடினால் 13ஆவது வருடம்.

இதிலும் ஒரு குறை உண்டு. நாளை வரும் பணம் இன்று கையிலிருக்கும் பணத்துக்குச் சமமில்லை. வருடத்துக்கு 6 சதவீதம் என்று வைத்து, எத்தனை வருடம் தள்ளி வருகிறதோ அத்தனை முறை 1.06ஆல் வகுக்க வேண்டும். படிப்பு தொடங்கியதிலிருந்து 4ஆவது வருடக் கடைசியில் வரும் 15க்கு இன்றைய மதிப்பு 12கூட இல்லை. செலவையும் வரவையும் இப்படிக் குறைத்துப் பார்த்தால், 7 வீதம் கூடும் அந்த நல்ல கணக்கிலேயே பணம் திரும்ப வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 13 வருடம் ஆகும். நான் போட்டவை மாதிரி எண்கள்தான். எக்செல்லில் வருடத்துக்கு ஒரு வரி போட்டு உன் எண்களை வைத்துப் பார். அதில் கட்டணத்தைப் பாதியாக்கிப் பார், பிறகு சம்பள வித்தியாசம் வளரும் வேகத்தை மாற்றிப் பார். எது முடிவை அதிகம் அசைக்கிறது என்று உனக்கே தெரியும்.

அந்த வேகத்தை முடிவு செய்வது நீ மனிதவளத்தில் எந்தப் பிரிவுக்குப் போகிறாய் என்பது. ஆட்சேர்ப்பில் நுழைவது சுலபம். ஆனால் நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் முதலில் அந்தக் குழுவைத்தான் குறைப்பார்கள். விடுப்புக் கணக்கு, பேரோல் (சம்பளப் பட்டியல்) பதிவு, வழக்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஆகியவற்றை மென்பொருள் எடுத்துக்கொண்டு வருகிறது. முதல் வேலை பெரும்பாலும் இந்த இடங்களில்தான் கிடைக்கும், அதில் தப்பில்லை. அங்கேயே தங்கிவிட்டால்தான் பட்டத்தின் விலை ஏறாது. சம்பள நிர்ணயம், ஊழியர் தரவுப் பகுப்பாய்வு, எச்.ஆர். மென்பொருள் நிர்வாகம், தொழிற்சங்க உறவு ஆகியவற்றுக்கு ஆள் கிடைப்பது கடினம். அதனால் அங்கே சம்பளம் ஏறும்.

சம்பள நிர்ணய வேலை எப்படியிருக்கும் என்று ஒரு சின்ன உதாரணம். ஒரு பதவிக்கு நிறுவனம் வைத்திருக்கும் சம்பள வரம்பின் நடுப்புள்ளி 120. அதில் இருப்பவர் வாங்குவது 102. 102ஐ 120ஆல் வகுத்தால் 0.85. இதைக் கம்பா ரேஷியோ என்பார்கள். வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு 0.85 சரி. 6 வருடமாக நன்றாக வேலை பார்ப்பவருக்கு அதே 0.85 என்றால் அவர் வேறு இடம் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒருவரைத் தக்கவைக்க எவ்வளவு கூட்டலாம், கூட்டினால் பக்கத்து மேசையில் அதே வேலை பார்ப்பவரின் எண் என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மேலிடத்தில் மதிப்பு. இப்படிப்பட்ட கணக்கில் உட்கார உனக்குப் பிடிக்குமா என்று நிஜமாகவே யோசி. மனிதர்களோடு பழகப் பிடிக்கும் என்பது நல்ல குணம், ஆனால் இந்தத் துறையில் அது மட்டும் சம்பளத்தை உயர்த்தாது.

பாடத்திட்டத்தையும் இதே கண்ணோடு படி. தொழிலாளர் சட்டம் கட்டாயம் வேண்டும், ஆனால் அது அந்தந்த நாட்டோடு நின்றுவிடும். நாடு மாறினால் புதிதாகப் படிக்க வேண்டும். புள்ளியியல், கணக்கியல், தரவுத்தளம் எங்கே போனாலும் கூடவே வரும். இவை விருப்பப் பாடமாகக்கூட இல்லாத கல்லூரி என்றால் தயங்காமல் ஒதுக்கிவிடு.

அனுபவத்தோடு ஒப்பிட்டால் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. எச்.ஆர்.சி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் பி.எச்.ஆர். என்ற மனிதவளச் சான்றிதழ்த் தேர்வை எழுத இளங்கலை முடித்தவருக்கு 2 வருட அனுபவம் வேண்டும், பட்டம் இல்லாதவருக்கு 4 வருடம். அடுத்த நிலையான எஸ்.பி.எச்.ஆருக்கு 5, 7. இரண்டிலும் வித்தியாசம் 2 வருடம்தான். பட்டம் எந்தத் துறையில் என்று அங்கே கேட்பதில்லை. அனுபவமே இல்லாதவர்களுக்கு ஏ.பி.எச்.ஆர். என்ற தொடக்கநிலைச் சான்றிதழும் உண்டு. அதனால் என் அபிப்பிராயம் இது: பொது வணிக நிர்வாகப் பட்டத்தில் மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்து, பிறகு சான்றிதழ் சேர்ப்பது தனி எச்.ஆர். பட்டத்தைவிடப் பத்திரமானது. மனம் மாறினால் நிதிக்கோ விற்பனைக்கோ போக வழி இருக்கும். சான்றிதழ் வாங்கினால் அதோடு முடிந்தது என்றும் நினைக்காதே. பி.எச்.ஆரைப் புதுப்பிக்க 3 வருடத்துக்கு 60 கிரெடிட் (தொடர்பயிற்சிப் புள்ளி) சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தேர்வை மறுபடி எழுத வேண்டும், அதற்கும் பணமும் நேரமும் ஆகும்.

கடன் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் பெரும்பாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். 10 சதவீதத்தில் 100 கடன் வாங்கி 3 வருடம் எதுவும் கட்டாமல் விட்டு, வட்டியும் அசலில் சேர்ந்தால் அது 133 ஆகிவிடும். அதை 7 வருட மாதத் தவணையில் அடைத்தால் மொத்தம் சுமார் 186 கட்டியிருப்பாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் வருடத்துக்கு 10 வீதம் கட்டி வந்தால் மொத்தம் சுமார் 169ல் முடியும். பகுதிநேர வேலைப் பணத்தை முதலில் இதற்கு ஒதுக்கு. எல்லாவற்றையும்விட மோசமானது கடன் வாங்கிப் பாதியில் நிறுத்துவது. பெரும்பாலான இடங்களில் பாதிப் படிப்புக்குப் பாதிச் சம்பள உயர்வு கிடைக்காது, முழுப் பட்டம் இருந்தால்தான் விண்ணப்பத்தை எடுத்தே பார்ப்பார்கள். கடனோ அப்படியே நிற்கும்.

வேலையில் இருந்துகொண்டே படிக்க முடிந்தால் கணக்கு தலைகீழாக மாறும். கைவிட்ட சம்பளம் 300 காணாமல் போய், கட்டணம் 120 மட்டும் மிஞ்சும். வித்தியாசம் முன்போலவே 15, 22, 29 என்று வந்தால் 5ஆவது வருடத்தில் அது திரும்பிவிடும். படித்து முடிக்க வருடம் கூடும், உடம்பு களைத்துப்போகும், அதை நான் மறைக்கவில்லை. நிறுவனமே கட்டணம் தந்தால் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படி. படிப்பு முடிந்து எத்தனை மாதம் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா, அவர்களே வேலையை விட்டு எடுத்தால் என்ன என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

கல்லூரிக்காரர்கள் சராசரிச் சம்பளம் சொல்வார்கள். 90, 95, 100, 105, 360 வாங்கும் ஐந்து பேருக்குச் சராசரி 150. ஆனால் நடுவில் நிற்பவர் வாங்குவது 100தான். அந்த நடு எண்ணைக் கேள். கூடவே மொத்தம் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் மனிதவள வேலைக்கே போனார்கள் என்றும் கேள். வேலை கிடைத்தவர்களை மட்டும் எண்ணிச் சொன்னால் ஏற்காதே. பாடத்திட்டத்துக்குள்ளேயே ஒரு பருவமாவது இன்டர்ன்ஷிப் இல்லையென்றால் முதல் வேலை தள்ளிப்போகும். அது 6 மாதம் தள்ளினால் 130இல் பாதி, அதாவது 65 போயிற்று, ஒன்றரை வருடக் கட்டணத்தைவிட அதிகம்.

இந்த மாதம் ஒரு வேலை செய். நீ வேலை பார்க்க நினைக்கும் நாட்டில் வந்திருக்கும் தொடக்கநிலை எச்.ஆர். வேலை விளம்பரங்கள் 50 எடுத்து அட்டவணையாகப் போடு. பட்டம் கட்டாயமா, இருந்தால் நல்லதா, மனிதவளப் பட்டம்தானா, எதுவானாலும் சரியா, எத்தனை வருட அனுபவம், எந்த மென்பொருள், சம்பளம். மனிதவளப் பட்டமே வேண்டும் என்பது பாதிக்குக் கீழே இருந்தால் பொதுப் பட்டத்துக்குப் போகலாம். அட்டவணையையும் கல்லூரி தரும் கட்டண விவரத்தையும் அனுப்பு, கணக்கைச் சேர்ந்தே போடுவோம். அதுவரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா