மோட்டார் சுற்றுகிறது, எதை இழுக்கிறது?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறைக்குப் புது லேத் இறக்கிவிட்டாய் என்று படித்ததும் சந்தோஷம். தவணையை மட்டும் தள்ளிப்போடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் எம்.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் நாள் முழுக்க மூலக்கூறு இயந்திரம் பற்றித்தான் பேச்சு. பாகங்கள் அசையும்படி செய்த மூலக்கூறுகளுக்குத்தான் அந்தப் பெயர்.

அதைப் பற்றி எழுதியதற்கு, "அந்தப் பொடி மோட்டார் எந்த லோடை இழுக்கும்?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி.

நெதர்லாந்தில் பென் ஃபெரிங்கா என்ற வேதியியலாளர் 1999இல் செய்த மோட்டாரில் இரண்டு பாதிகள். அவற்றை இணைக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்புதான் ஷாஃப்ட். புற ஊதா ஒளி பட்டதும் ஒரு பாதி புரண்டு, மற்றதோடு முட்டி நிற்கும். பிறகு வெப்பத்தில் அதைத் தாண்டி நழுவிவிடும். உன் ராட்செட் ஸ்பேனர் மாதிரி, பின்னால் திரும்பாது. இது இரண்டு முறை நடந்தால் ஒரு முழுச் சுற்று.

சரி, லோடு? 2006இல் ஒரு திரவப் படிகப் படலத்தில் (திரவம் மாதிரி ஓடினாலும் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும் பொருள்) இந்த மோட்டாரை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்து, மேலே 28 மைக்ரோமீட்டர் நீளக் கண்ணாடிக் குச்சி ஒன்றைப் போட்டார்கள். ஒளி பட்டதும் குச்சி சுழன்றது. மோட்டாரோடு ஒப்பிட்டால் அது மலை. 2016இல் சோவாஜ், ஸ்டாடர்ட் என்ற வேறு இரு வேதியியலாளர்களோடு ஃபெரிங்காவுக்கு நோபல் கிடைத்தது.

ஆனால் வெறும் கரைசலில் விட்டால் கதை வேறு. அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் ஓயாமல் இடிக்கும், ஒவ்வொரு மோட்டாரும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும், மொத்தத்தில் வேலை பூஜ்யம். சுற்ற வைப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ள வைப்பதுதான் பெரும்பாடு.

அதனால்தானோ என்னவோ, கடைக்கு முதலில் வந்தது மோட்டார் இல்லை, வளையம். ஸ்டாடர்ட் 1991இல் ஒரு மூலக்கூறு இழையில் வளையத்தைக் கோத்து, கழன்றுவிடாமல் இரு முனையிலும் அடைப்பு வைத்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கோசோ இட்டோ, மாவுச்சத்திலிருந்து எடுத்த வளையங்களை நீளமான பாலிமர் இழைகளில் கோத்து, வளையங்களை இரண்டிரண்டாக எட்டு வடிவில் பிணைத்தார். இழுத்தால் வளையம் நகர்ந்துகொடுக்கும், இழுவிசை எல்லா இழைக்கும் பரவிவிடும், ஓரிடத்தில் மட்டும் அறுந்துபோகாது. இதைச் சேர்த்த பூச்சில் சின்னக் கீறல்கள் தாமாகவே மறைகின்றன. செல்போனுக்கும் காருக்கும்கூட இப்படிப் பூச்சு வந்தது. வளையம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை என்பதுதான் இங்கே வசதி.

"ஒளியோ எரிபொருளோ வாங்கி வேலை செய்யாததை இயந்திரம் என்று எப்படிச் சொல்வது?" என்று சின்னவள் அடம்பிடிக்கிறாள். எனக்கு அவ்வளவு கறாராக இருக்கத் தோன்றவில்லை. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, அந்தச் சண்டையை நீயே அவளோடு போட்டுக்கொள்.

அன்புடன்,
சங்கரன்