பெற்றோர் கூட்டம் நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் என் மகளின் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். முறை வந்ததும் மதிப்பெண் அட்டையைத் திருப்பிக் காட்டி, "கணக்குல கவனம் பத்தாது, வீட்டுல பாத்துக்கோங்க" என்றார் ஆசிரியை. கையெழுத்துப் போட்டேன், முடிந்தது. மகள் பக்கத்திலேயே நின்று என் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, நான் என்ன செய்யறது" என்று கேட்டதற்கு, ட்யூஷன் வைங்க என்று பதில் வந்தது.

அந்த அம்மாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "இன்னிக்கு என்ன நடத்தினாங்க, எனக்குச் சொல்லு" என்று தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்காரச் சொல்லியிருக்கலாம். தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும். 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரின் குழு சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு, பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிவருகிறது என்று சொன்னது. அதை வைத்துக்கொண்டு படிக்காத வீட்டுப் பிள்ளை அவ்வளவுதான் என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. வீட்டுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்றால், அந்த வீட்டோடு பள்ளி உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும்.

அப்புறம் இந்த ப்ராஜெக்ட். ராத்திரி பதினொரு மணி வரை தெர்மாகோல் வெட்டி இதயத்தின் மாடலைச் செய்து முடித்தது நான், அவள் தூங்கிவிட்டாள். அதற்கு முதல் பரிசு. வீட்டுக்கு வந்தவள் பரிசை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்பா, நானே செஞ்சேன்னு மிஸ்கிட்ட சொன்னேன், அது பொய்தானே?" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையால் தனியாகச் செய்ய முடியாததைக் கொடுத்து, அழகுக்குப் பரிசும் கொடுத்தால் எல்லா வீட்டிலும் இதுதானே நடக்கும்? கோணலாக இருந்தாலும் பிள்ளை கையால் செய்ததைக் காட்சிக்கு வையுங்கள்.

கூட்டத்தில் பிள்ளையை நிறுத்திவைத்துக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் குறித்துக் கூப்பிடுங்கள். உங்கள் வேலைப்பளு தெரியாமல் பேசவில்லை, ஒரே நாளில் முடிக்காமல் வாரத்துக்கு ஐந்து வீடு என்றாலும் சரி. எங்களிடமும் கேளுங்கள். என் மகளுக்குக் கணக்கில் பயமில்லை, எல்லார் முன்னாலும் கரும்பலகைக்குக் கூப்பிடுவதில்தான் பயம். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா