சாம்பல் என்று சொல்லிக்கொடுத்தேனே

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள ஐயா இளங்கோவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தியும் நலம். நீயும் மருமகளும் யாழினியும் நலமாக இருக்க வேண்டும்.

கரீபியன் கடலில் உங்கள் ஆன்டிகுவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மொன்செராட் தீவுக்குப் போய்வந்த கதையை உன்னிடம் நான் முழுதாகச் சொல்லவே இல்லை. அன்று மாலை ஆன்டிகுவாவுக்குத் திரும்பியபோது நீ கல்லூரியிலிருந்து வந்திருக்கவில்லை, யாழினிக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் எனக்கு ஊருக்கு விமானம். வழியனுப்பும்போது, "எப்படியம்மா இருந்தது?" என்று கேட்டாய். "நன்றாக இருந்தது ஐயா" என்றேன். பாதிச் சம்பளத்தைச் செலவழித்துப் பதிவு செய்து, வழிகாட்டிக்கும் சொல்லிவைத்து, தனியாக அனுப்புகிறோமே என்று மூன்று முறை போன் செய்த பிள்ளைக்கு அது ஒரு பதிலா? ஒரு மாதமாக மனதில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் விமானம். எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். எல்லோருடைய எடையையும் கேட்டுக்கொண்டு இடம் ஒதுக்கினார்கள். எனக்கு விமானி பக்கத்து இருக்கை. இருபது நிமிடம்தான். கடலுக்கு நடுவே தீவு எழுந்து வந்தபோது அதன் வடக்குப் பாதி பச்சையாகவும் தெற்குப் பக்கம் சாம்பல் பூத்த கரியைப் போலவும் தெரிந்தது. மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. சரிவிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு விசிறி விரிந்து கடலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. அங்கே முன்பு கடல் இருந்ததாம். மலை கொட்டிக் கொட்டிக் கரையை நீட்டிவிட்டிருக்கிறது.

இறங்கியதும் பாஸ்போர்ட்டில் பச்சை நிறத்தில் ஒரு மூவிலை முத்திரை குத்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்காரர்கள் குடியேறிய தீவு என்பதன் அடையாளம் அது. அவர்களுடைய குடும்பப் பெயர்கள் இன்றைக்கும் அங்குள்ள கறுப்பின மக்களுக்கு இருக்கின்றன. மார்ச் 17 அங்கே பொது விடுமுறை. அயர்லாந்துத் துறவியின் திருநாள் என்பதற்காக மட்டும் இல்லை. 1768இல் அதே நாளில் அடிமைகள் கிளர்ந்தெழத் திட்டமிட்டிருந்தார்கள், காட்டிக்கொடுக்கப்பட்டுத் தூக்கில் ஏற்றப்பட்டார்கள். அவர்களையும் அன்று நினைக்கிறார்கள். இதை வழிகாட்டி சொன்ன விதத்தில் அவர்மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவர், நிதானமான மனிதர். என்னை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நீ சொல்லிவைத்திருந்தாய் போலிருக்கிறது. நாள் முழுக்க "அம்மா, அம்மா" என்றார்.

வேனில் ஏறியதும் அவரிடம் சொன்னேன். முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன், வருடம் தவறாமல் எரிமலைப் பாடம் நடத்தினேன், இன்றைக்குத்தான் ஒன்றைக் கண்ணால் பார்க்கப்போகிறேன் என்றேன். "அப்படியானால் முதலில் கண்காணிப்பு நிலையத்துக்குப் போகலாம்" என்றார். மேட்டின்மேல் நிற்கும் கட்டடம் அது. உள்ளே ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். 1995 ஜூலை 18 அன்று சூஃப்ரியர் குன்றுகள் விழித்துக்கொண்டன. சூஃப்ரியர் என்றால் கந்தகம் வெளிவரும் இடம் என்று பொருள். அதற்கு முன்பு, மனிதர் குடியேறி எழுத்தில் பதிந்த காலம் முழுக்க அந்த மலை வெடித்ததே இல்லை. 1989இல் ஹியூகோ புயல் அடித்து ஏறக்குறைய எல்லா வீடுகளையும் சிதைத்துவிட்டுப் போயிருந்தது. மருத்துவமனையையும் அரசு அலுவலகங்களையும் புதிதாகக் கட்டி நிமிர்கிற நேரத்தில் மலை எழுந்துவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. கரும்பலகையில் நான் போடும் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். கூம்பாக ஒரு மலை, உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சிவப்புச் சாக்கட்டியில் வழியும் எரிமலைக் குழம்பு. எட்டாம் வகுப்பில் நீயும் அதையே வரைந்தாய். இந்தத் தீவின் தலைநகரை அழித்தது அப்படி எந்தச் சிவப்பு ஆறும் இல்லை, ஐயா.

ஹவாயில் உள்ள மலைகளில் குழம்பு கஞ்சியைப் போல இளகி ஓடும். இந்த மலையின் குழம்போ களி. ஆச்சி வீட்டில் கம்மங்களி கிண்டும்போது நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். கஞ்சியில் கொப்புளம் வந்தால் சத்தமில்லாமல் உடைந்துவிடும். களியில் ஆவி உள்ளேயே சிக்கிக்கொண்டு, பொத்தென்று வெடித்துக் கையில் தெறிக்கும். அதே கதைதான் மலையிலும். இறுகிய குழம்பு வழிந்தோட முடியாமல் வாயிலேயே குவிந்து ஒரு மேடாக வளர்கிறது. ஒரு நாள் அந்த மேடு சரிகிறது. சரிந்ததும் கொதிக்கும் வாயுவும் பாறையும் தூளும் ஒன்றாகச் சேர்ந்து மேகம் போலச் சுருண்டுகொண்டு பள்ளத்தாக்கு வழியே இறங்குகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகம், பல நூறு டிகிரி வெப்பம். ஓடித் தப்ப முடியாது. எரிமலை என்றால் மெல்ல வழியும் நெருப்பு, ஓடிவிடலாம் என்ற எண்ணத்தோடு எத்தனை பிள்ளைகளை நான் வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டேன்!

தலைநகரின் பெயர் பிளிமத். தீவின் தெற்குப் பாதிக்கும் மேல் தடை செய்யப்பட்ட பகுதி. அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் நகருக்குள் நுழைய முடியாது. வாயிற்கதவுக்கு முன்னால் வேனை நிறுத்தி, வானொலிக் கருவியில் நாங்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு உள்ளே போகிறோம் என்று சொன்னார். மறுமுனையில் சரி என்றதும்தான் பூட்டைத் திறந்தார். அந்தக் கருவி நாள் முழுக்க அவர் தோளிலேயே கிடந்தது. 2010 பிப்ரவரிக்குப் பிறகு பெரிய வெடிப்பு இல்லை. ஆனால் மலை இன்னும் வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, நிலமும் மெல்ல உப்பிக்கொண்டிருப்பதாகக் கருவிகள் காட்டுகின்றன.

உள்ளே போய் இறங்கினோம். நான் நின்ற இடம் தெரு என்று நினைத்தேன். "அம்மா, நீங்கள் நிற்பது மூன்றாவது மாடி உயரத்தில்" என்றார். சுற்றிலும் தரையோடு தரையாகக் கூரைகள். கீழே ஜன்னல், அதற்கும் கீழே கதவு, அதற்கும் கீழே தெரு, எல்லாம் மண்ணுக்குள். அவர் கையில் ஒரு படத்தொகுப்பு வைத்திருந்தார். ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். படத்தில் கடைத்தெரு, கார்கள், வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள். படத்தை இறக்கினால் சாம்பல் மேடும் அதில் முளைத்த புதரும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்கள். கடைசியில் ஒரு மேட்டைக் காட்டி, "இதற்கு அடியில் என் பள்ளிக்கூடம்" என்றார். 1995இல் அவருக்குப் பதினான்கு வயது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். முதல் முறை வெளியேறச் சொன்னபோது இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று அவருடைய அம்மா ஒரே ஒரு பையில் துணி எடுத்துவைத்தாராம். திரும்பவும் வந்தார்கள். மறுபடி வெளியேறினார்கள். 1996 ஏப்ரலில் நகரைக் கடைசியாகக் காலி செய்தார்கள். 1997 ஆகஸ்டில் எரிமேகங்கள் நகருக்குள்ளேயே இறங்கின. சுமார் பதினோராயிரம் பேர் வாழ்ந்த தீவு. மூன்றில் இரண்டு பங்கினர் போய்விட்டார்கள், பெரும்பாலும் பிரிட்டனுக்கு. அவருடைய வகுப்பில் இப்போது தீவில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார். சட்டப்படி இன்றைக்கும் பிளிமத்தான் தலைநகர். ஆள் ஒருவர்கூட இல்லாத தலைநகர்.

சாம்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

குனிந்து ஒரு பிடி அள்ளினேன். சாம்பல் என்றால் நம் கைக்குத் தெரிந்தது அடுப்புச் சாம்பலும் திருநீறும். விரலால் தொட்டால் வழுக்கும், ஊதினால் பறக்கும், தண்ணீரில் போட்டால் கரையும். இது அப்படி இல்லை. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன், நறநறவென்றது. பட்டத்து நூலுக்கு நீ அரைத்து ஒட்டுவாயே கண்ணாடித் தூள், அதே அறுப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் துணுக்குகளும் கறுப்பு ஊசிகளும் மின்னின. எதுவும் எரிந்து மிஞ்சிய சாம்பலே இல்லை அது. பாறைதான். பொடிப்பொடியாக உடைந்த பாறையும் கண்ணாடியும். ஊதினால் கண்ணை அறுக்கும், மூச்சில் போனால் நெஞ்சை அறுக்கும், மழையில் நனைந்தால் சிமெண்டைப் போலக் கனத்துக் கூரையை உடைக்கும். எரிமலை என்கிறோம், அங்கே எதுவும் எரிவதில்லை. சாம்பல் என்கிறோம், அது கல். சொல்லை நம்பிப் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் வேறு சொல் தேடிப் பார்த்தேன், 'கல்தூள்' என்றுதான் வருகிறது. உன் அப்பா இருந்திருந்தால் நல்ல சொல்லாகப் பார்த்துக் கொடுத்திருப்பார்.

வழிகாட்டியே ஒரு சிறு பாட்டிலில் அதை அள்ளித் தந்தார்.

பிறகு நகரத்துக்கு மேலே குன்றில் இருக்கும் ஒரு கைவிடப்பட்ட ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். நீச்சல் குளம் முழுக்கக் கல்தூள், அதில் புல். அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை. மனிதர் வாழ்ந்த வீட்டைப் பார்த்த பிறகு அது பெரிதாகத் தோன்றவில்லை. வழியில் ஒரு அகலமான பள்ளத்தாக்கைக் கடந்தோம். அதற்கு அடியில் ஒரு பாலமும் கோல்ஃப் மைதானமும் இருக்கின்றனவாம். மழை பெய்தால் மலையிலிருந்து சேறு திரண்டு வரும் என்பதால் அன்று யாரும் கடக்க மாட்டார்கள். இப்போது அங்கே லாரிகளில் மணல் அள்ளுகிறார்கள். மலை கொட்டியதைச் சலித்துச் சுற்றியுள்ள தீவுகளுக்கு வீடு கட்ட அனுப்புகிறார்கள். இதைப் பார்த்தபோது அந்த ஜனங்களை நினைத்து மனது நிறைந்தது.

மதியம் ஆட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும். ஆட்டுத் தண்ணீர் என்று அதற்குப் பெயர். இலவங்கம் மணந்தது, ஊர் நினைவு வந்தது.

கிழக்குப் பக்கம் ஜாக் பாய் ஹில் என்ற மேட்டில் நின்று பழைய விமான நிலையம் இருந்த இடத்தைக் காட்டினார். ஓடுதளத்தை எரிமேகம் மூடிவிட்டது. அந்தச் சரிவில்தான் 1997 ஜூன் 25 அன்று 19 பேர் இறந்தார்கள். போகக் கூடாது என்று அறிவித்திருந்த பகுதி. ஏன் போனார்கள் என்று கூட வந்த ஒரு பெண் கேட்டார். "விளைந்து நின்றது, போனார்கள்" என்றார் வழிகாட்டி. கேட்டவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. கண்மாய் உடையப்போகிறது என்று தண்டோரா போட்ட இரவில், அறுத்துப் போட்ட சோளத்தை அள்ள உன் தாத்தா வண்டி கட்டிக்கொண்டு போனதைச் சின்னப்பிள்ளையாக நின்று பார்த்தவள் நான். கரிசல் மண்ணில் விதைத்தவனுக்கும் அந்த மலைச்சரிவில் கிழங்கு வைத்தவனுக்கும் ஒரே மனதுதான். அவர்களை யாரும் விவரமில்லாதவர்கள் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

போன வாரம் அந்தப் பாட்டிலோடு என் பழைய பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை கேட்டு வாங்கினேன். கரும்பலகையில் சிவப்பு ஆறு வரையவில்லை. களியைச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்து, கண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லி, பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பெண், "டீச்சர், இது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மேலே கிடந்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் ஒரு துளிகூடக் கீழே சிந்தாமல் திரும்பப் பாட்டிலில் கொட்டினாள்.

ஐயா, கோடை விடுமுறையில் யாழினியை அங்கே கூட்டிப்போ. இடிந்த ஊரில் என்ன இருக்கிறது என்று நீ அன்றைக்குச் சொன்னாய், அதை மனதில் வைத்துக்கொண்டு தள்ளிப்போடாதே. அவளுக்கு மூடிய செருப்பு போட்டுவிடு, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள். அந்த வழிகாட்டியையே கேள். வழியில் சாலையோரம் ஓர் ஊற்று வரும். அதில் குடித்தவர்கள் மறுபடி அந்தத் தீவுக்கு வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் இரண்டு கை நிறையக் குடித்தேன். முழங்கால் இருக்கும் நிலையில் திரும்ப முடியுமோ என்னவோ, எனக்குப் பதில் நீங்கள் போய் வாருங்கள்.

இந்த உறையில் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் இருந்த மேட்டில் அவர் பழைய படத்தைக் கையில் ஏந்தி நிற்கும்போது நான் எடுத்தது. இங்கே ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டேன். பழைய படத்தில் முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பையன் அவர்தான், தெளிவாக விழுந்திருக்கிறது. மடிக்காமல் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா