போகிக்கு முன் பரணைப் பாருங்கள்: ஓலைச்சுவடி, பழைய பத்திரங்கள்

அனைவருக்கும் வணக்கம். போகிக் குப்பையோடு ஓலைக்கட்டுகளும் எரிந்துவிடக்கூடாது. ஜனவரி 11, ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை சங்க அறையில் படமெடுக்கிறோம். கட்டு உங்களிடமே திரும்பும்.

1. கட்டுக்கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஏட்டெண் இல்லாத ஓலை கலைந்தால் வரிசை போச்சு.
2. தண்ணீர், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. வெயிலில் வைத்தால் ஓலை முறியும்.
3. பழைய பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.
4. வெற்று ஓலை என்று ஒதுக்காதீர்கள். மை தடவாத ஓலையில் எழுத்தாணிக் கீறல் நேர்ப்பார்வைக்குத் தெரியாது; டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் எழுத்து எழும்பி வரும்.
5. புதுத் துளையோ மாவு போன்ற தூளோ இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டைத் தனியே வையுங்கள்.

வைத்தியக் குறிப்பு, கணக்கு, ஜாதகம் எதுவானாலும் சரி. "வெறும் வைத்திய ஏடுதானே" என்பவர்களுக்கு: 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியவை தமிழ் மருத்துவச் சுவடிகள்.

ஓலை இருந்தால் "உண்டு" என்றும் எத்தனை கட்டு என்றும் வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிலிடுங்கள். தூக்கி வர முடியாத பெரியவர்கள் சொன்னால் வீட்டுக்கே வருகிறோம்.