பூச்சி மாத்திரை தடுப்பூசி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், 'ஒருமுறை பூச்சி மாத்திரை போட்டுவிட்டால் அடுத்த முறை உடம்பே பார்த்துக்கொள்ளும்' என்று ஒரு வரி. எழுதியவர் யாருடைய உடம்பைச் சொல்கிறாரோ! நான் பரிசோதனைக்கூடத்தில் மலம் பார்த்தே ஓய்வு பெற்றவன். மாத்திரை போட்ட பிள்ளையின் மாதிரி சில மாதங்களில் மறுபடி என் மேசைக்கு வரும். ஸ்லைடை வைத்தால் அதே பழுப்பு நிறம், மேடுபள்ளமான ஓடு, உருண்டைப்புழு முட்டை. மாத்திரை போலி என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

பூச்சி மாத்திரையில் இருக்கும் அல்பெண்டசோல் மருந்து குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும், அவ்வளவுதான். நாளை வாய்க்குள் போகிற முட்டைக்கு அது பொறுப்பல்ல. மண்ணில் அந்த முட்டை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்து கொடுத்த 12 மாதத்தில் உருண்டைப்புழுத் தொற்று ஏறக்குறைய பழைய அளவுக்கே வந்துவிட்டது. தாங்கள் அறியாததல்ல.

எதிர்ப்புச் சக்தியே வராதா என்றால், வரும். ஆனால் தட்டம்மை வந்து போனால் வருகிற மாதிரி வராது. நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழுவுக்குப் பிராசிகுவாண்டல் என்ற மருந்து கொடுத்தால், சாகிற புழுவிலிருந்து அதுவரை ஒளிந்திருந்த புரதங்கள் வெளியே வந்து, இரத்தத்தில் ஐஜிஇ என்ற எதிர்ப்புப்பொருள் கூடுகிறது. ஐஜிஇ கூடியவர்களுக்கு மறுதொற்று குறைவு என்று காம்பியாவில் செய்த ஆய்வு 1991-லேயே வந்துவிட்டது. சரி, அதோடு முடிந்ததா? ஐஜிஜி4 என்று இன்னொன்று வந்து அதன் கையைக் கட்டிப்போடுகிறது. சிறு பிள்ளைகளிடம் இந்த ஐஜிஜி4-இன் கைதான் ஓங்கியிருக்கும். பல வருடம் தொற்றித் தொற்றித்தான் பெரியவர்களுக்குக் கொஞ்சம் காப்பு கிடைக்கிறது. கொக்கிப்புழு விஷயத்தில் அதுகூட உருப்படியாக இல்லை. சோதனைக்கூட எலிகளில் ஒருவகைப் புழுவை மருந்தால் நீக்கிவிட்டு மறுபடி கொடுத்தால் எலி நன்றாகவே விரட்டுகிறது, உண்மைதான். உங்கள் சந்தாதாரர்கள் எலிகள் அல்லவே!

இதே பக்கத்தில்தான் முன்பு 'இனிப்பு தின்றால் பூச்சி வரும்' என்று வந்தது. நான் எழுதிய மறுப்பு எந்தக் கூடைக்குப் போனதோ. அப்புறம், இரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடினாலே பூச்சிதான் என்று ஒரு கேள்வி பதில். ஒவ்வாமை, ஆஸ்துமா எல்லாம் எங்கே போயின? குடற்புழுக் கட்டுரைக்கு மண்புழு படம் போட்டதை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தொற்று அதிகமுள்ள இடங்களில் மாத்திரையைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பரிசோதனைக்கூட ஊழியர்